[சொல்லாக்கம்] நேரே மேலே வர முடியாத நீர்: ஒரு சொல் வேண்டும்

மடல் 1: பருத்தித்துறையிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம்.

திருகோணமலையில் சுழியோட்டப் படகு வைத்திருக்கும் தம்பி ஒருவருக்காக ஒரு பாதுகாப்புத் தாளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். படகு புறப்படுவதற்கு முன், இறங்கப்போகிறவர்களுக்கு வாசித்துக் காட்டுவதற்கானது. பவளப்பாரிலும் கற்பாறையிலும் இருக்கும் குகைகள், இடுக்குகள், குடைவுகளுக்குள் போவதைப் பற்றியது. மூலத்தில் நாலு சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கையிலுள்ள பட்டியல்களைப் புரட்டினால் மூன்றுக்குக் 'குகை' என்றும் ஒன்றுக்குப் 'பள்ளத்தாக்கு' என்றும்தான் எழுத முடியும் போலிருக்கிறது. அப்படியே எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் வாசிப்பதைக் கேட்டு இறங்குகிறவர் எதற்குள் போகிறோம் என்று தெரியாமல் போவார். அதனால்தான் இந்த மடல்.

முதலில் விடயம். சொல்லைப் பிறகு பார்ப்போம்.

சாதாரணக் கடலில் சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்குகிறவருக்கு எப்போதும் ஒரு வாசல் திறந்திருக்கிறது, தலைக்கு மேலே. முகமூடிக்குள் தண்ணீர் வந்தாலும், காற்று முடிந்தாலும், கூட வந்தவர் காணாமற்போனாலும் கடைசி வழி மேலே எழும்புவதுதான். 20 மீற்றரில் இருப்பவர் நிமிடத்துக்கு 9 மீற்றர் என்ற நிதானமான வேகத்தில் ஏறினாலும் இரண்டேகால் நிமிடத்தில் தலையை வெளியே நீட்டிவிடலாம். குகைக்குள் அந்த வாசல் இல்லை. வந்த வழியே திரும்பி நீந்தி, வெளியே வந்து, அதற்குப் பிறகுதான் ஏறலாம். இந்த நிலையைத்தான் ஓவர்ஹெட் என்கிறார்கள். மூழ்கிய கப்பலின் அறைக்குள் போனாலும் இதே கதை. மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்பிரல் 9ஆம் திகதி மூழ்கிய ஹெர்மிஸ் போன்ற கப்பலுக்குள் நுழைந்தால் தலைக்கு மேலே இரும்பு.

இதற்குள் இரண்டு நிலை. வாசல் வெளிச்சம் கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரைக்கும் கேவேர்ண். அதைத் தாண்டினால் கேவ். முன்னதற்குக் கொஞ்சப் பயிற்சி போதும். பின்னதற்கு வேறு பயிற்சி, வேறு கருவி, வேறு மனம். முன்னதற்கும் எல்லை உண்டு. நீர்மட்டத்திலிருந்து இறங்கிய ஆழத்தையும் உள்ளே போன தூரத்தையும் கூட்டினால் 40 மீற்றரைத் தாண்டக்கூடாது என்று சில பயிற்சி நிறுவனங்கள் சொல்கின்றன, ஏறக்குறைய 60 என்று சில சொல்கின்றன.

மூன்றாவது ஸ்விம்-த்ரூ. இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வருகிற குறுகிய குடைவு, புகும்போதே மறுமுனை வெளிச்சம் தெரியும். நாலாவது கென்யன். இரண்டு பார்களுக்கு நடுவே, இருபக்கமும் சுவர் எழும்பி நிற்க, அடியில் மணலோடு ஓடுகிற ஒடுங்கிய பள்ளம். அதற்கு மேலே ஒன்றுமில்லை, திறந்த கடல்தான்.

நாலும் ஒரே இடத்தில் கலந்து கிடக்கும் என்பதுதான் சிக்கல். கரிபியனில் கிராண்ட் கேமன் தீவின் தலைநகர் ஜோர்ஜ் ரவுணில், கரையிலிருந்தே நீந்திப் போகக்கூடிய தூரத்தில் ஈடன் றொக், டெவில்ஸ் குரொட்டோ என்று அடுத்தடுத்து இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஆழம் பெரிதில்லை, பெரும்பகுதி 15 மீற்றருக்குள். பார் முழுக்கக் கறையான் அரித்த பலகை மாதிரி வழிகள். கோடையில் விரல் நீள வெள்ளி மீன்கள் திரளாக வந்து அந்த வழிகளை அடைத்துக்கொண்டு நிற்கும். ஆள் உள்ளே போனால் திரை விலகுவதுபோல் விலகி, போனபின் மூடிக்கொள்ளும். அவற்றைத் தின்ன வரும் தார்ப்பன் மீன்கள் ஒவ்வொன்றும் ஆளைத் திரும்பிப் பார்க்க வைக்கிற பருமன். இறங்கியவர் திறந்த பள்ளத்தில் நீந்திக்கொண்டே போய், தெரியாமலே கூரைக்கு அடியில் போய்விடுவார். மேலே எங்கோ ஓட்டை விழுந்து வெளிச்சம் கற்றையாக இறங்கும். அதைப் பார்த்துக்கொண்டே இன்னும் ஒரு திருப்பம் போவார். எந்த இடத்தில் அவர் திறந்த நீரை விட்டார்? அந்தக் கோட்டுக்குத்தான் எனக்கு முதலில் சொல் வேண்டும். மற்ற நாலும் அதற்குப் பிறகு.

ஆளுக்கொன்று சொல்லுங்கள்.


மடல் 2: சென்னையிலிருந்து

அன்புள்ள நண்பருக்கு,

நல்ல வேலை. முதலில் ஒரு சின்னச் சந்தேகம்: சுழியோட்டம் என்கிறீர்கள், இங்கே நாங்கள் முக்குளிப்பு என்போம். சரி, அது உங்கள் பக்கத்து வழக்கு, இருக்கட்டும். அதை வைத்து அடித்துக்கொண்டால் விடிந்துவிடும்.

ஓவர்ஹெட்டுக்குக் 'கூரைநீர்' என்று வைக்கலாம். எதிர்ச்சொல் 'வெளிநீர்'. இரண்டும் 'நீர்' என்றே முடிகின்றன, ஓசையில் சோடி சேர்கிறது.

மற்றவற்றுக்குப் புதிதாக எதையும் செய்ய வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். நம்மிடம் குகை என்ற ஒன்று மட்டுமா இருக்கிறது? முழை இருக்கிறது, முழைஞ்சு இருக்கிறது. அளை இருக்கிறது, புலி கிடந்து போன கல்லளையைப் பழம்பாடல் பாடியிருக்கிறது. மலைப்பிளவுக்கு விடர். சிறு வாயிலுக்கு நூழை. நிலத்தடி வழிக்குச் சுருங்கை. இத்தனையையும் அகராதியில் பூட்டி வைத்துவிட்டு 'உள்நுழைந்து வெளியேறும் இயற்கைக் குடைவழி' என்று ஒரு முழ நீளத்துக்குச் செய்கிறோம். என் பரிந்துரை: கேவேர்ண் முழை, கேவ் அளை, ஸ்விம்-த்ரூ நூழை, கென்யன் விடர். நான்கும் எளிய வேர், நான்கும் குறுஞ்சொல். பழக்கத்தில் வந்துவிடும்.


மடல் 3: திருகோணமலையிலிருந்து

அண்ணை, ஐயா, வணக்கம்.

நான் எழுதுகிற ஆளில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். முழை, அளை, விடர் என்று படகில் நின்று சொன்னால் ஒருத்தருக்கும் விளங்காது. அவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள், நான் கடலைப் பார்ப்பேன்.

நான் வழக்கமாகச் சொல்கிறது இதுதான்: "உள்ளுக்குப் போனா மேலே மறிச்சிருக்கும், நேரா எழும்பேலாது. வந்த வழியால திரும்பித்தான் வரலாம்." இதைச் சொன்னால் எல்லாருக்கும் உடனே விளங்குகிறது. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

இங்கே சுவாமி மலைக்குக் கீழே பெரிய பெரிய கற்கள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து கிடக்கின்றன. இடையில் புகுந்து வரலாம். அதைக் குகை என்று சொன்னால் பாதிப்பேர் பயந்து படகிலேயே இருந்துவிடுவார்கள், மீதிப்பேர் டோர்ச்சைத் தூக்கிக்கொண்டு என்னை முந்திப் போவார்கள். இரண்டும் வேண்டாம்.

இன்னொன்று. கையில் கட்டுகிற கொம்பியூட்டரும் சிலநேரம் சீலிங் என்று காட்டும். அதற்கும் நீங்கள் ஒரு சொல் பார்க்கவேண்டும். அதைப் பார்க்காமல் எழும்பினால் பிறகு சிகிச்சைக்கு அமுக்க அறைக்குத்தான் ஓடவேண்டும்.


மடல் 4: கோப்பாயிலிருந்து

வணக்கம். புவியியல் படிப்பிக்கிறவள் என்பதால் கல்லின் பக்கமிருந்து கொஞ்சம்.

யாழ்ப்பாணத்தில் கடற்குகை எங்கே இருக்கிறது, நமக்கு எதற்கு இந்தச் சொல் என்று யாரும் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். பாக்குநீரிணை ஆழம் குறைந்த கடல், இறங்கிப் பார்க்கிற குகை என்று காட்ட அங்கே எதுவும் இல்லை. ஆனால் நாம் குடியிருப்பதே குடைவு விழுந்த கல்லின்மேல். குடாநாட்டின் அடியில் கிடப்பது மயோசீன் காலச் சுண்ணக்கல். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிக் கல்லைக் கரைக்கிறது. வெடிப்பு வழியாகும், வழி அறையாகும், அறையின் முகடு இடிந்து விழுந்தால் கிணறு மாதிரி ஒரு வாய் திறக்கும். புத்தூர்ப் பக்கத்து நிலாவரை, ஊரெழுப் பொக்கணை, மானிப்பாய் இடிகுண்டு எல்லாம் இந்தக் குடும்பந்தான். இடிகுண்டு என்ற பெயரைப் பாருங்கள், இடிந்து விழுந்த குண்டு. எங்கள் ஆட்கள் புவியியல் படிக்காமலே காரணத்தைப் பெயராக வைத்திருக்கிறார்கள்.

நிலாவரையில் போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்ற கதையைப் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை கேட்கும். தேசிக்காய் போகிறதோ இல்லையோ, கல்லுக்குள் நீர் ஓடுகிறது என்பது சரி. நிலாவரையில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். குடாநாடு முழுவதும் நன்னீர் ஒரு வில்லை மாதிரி உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. மெக்சிகோவின் யுகற்றான் குடாநாட்டிலும் இதே அமைப்பு. அங்கே முகடு இடிந்த வாய்களைச் செனோட்டே என்கிறார்கள். உலகத்துக் குகைச் சுழியோடிகள் பலர் அங்கேதான் போய்ச் சேர்கிறார்கள். நன்னீரும் உவர்நீரும் சந்திக்கிற மட்டத்தில் நீந்தினால் கண்ணுக்கு முன்னால் எல்லாம் குழம்பித் தெரியும், விளக்கு வெளிச்சமே நெளியும் என்பார்கள். அந்த மட்டத்துக்கும் நமக்கு ஒரு சொல் இல்லை.

சொல்லுக்கு வருகிறேன். சென்னை ஐயாவின் 'கூரைநீர்' அழகுதான். ஆனால் மழைநீர் சேகரிப்புத் துண்டுப்பிரசுரங்களில் கூரையிலிருந்து வடிகிற நீருக்கு அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது. பீலியும் தொட்டியும் நினைவுக்கு வரும்.

கென்யனுக்குப் 'பள்ளத்தாக்கு' வேண்டவே வேண்டாம். திருகோணமலைக்கு வெளியே இருப்பது உண்மையான கடலடிப் பள்ளத்தாக்கு. துறைமுகத்துக்குக் கிட்டவே தொடங்கி ஆழ்கடலுக்கு இறங்குவது, திமிங்கிலம் வருவது அதனால்தான். சுழியோடிகள் 'கென்யன்' என்பது ஒரு வீட்டு முடுக்கு அளவு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் என் பிள்ளைகள் பரீட்சையில் தடுமாறுவார்கள்.

மானிப்பாய் என்றதும் ஒன்று. 19ஆம் நூற்றாண்டில் டொக்டர் கிறீன் அங்கே இருந்து மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். உடலின் ஒவ்வோர் எலும்புக்கும் நரம்புக்கும் தமிழில் சொல் தேடினார். இரண்டு பக்கத் தாளுக்கு நாலு சொல் நம்மால் முடியாதா?


மடல் 5: வல்வெட்டித்துறையிலிருந்து

கென்யனுக்குச் சொல் தேடி அலையத் தேவையில்லை. எங்கள் கரையில் பாரை ஊடறுத்து வள்ளம் போய்வருகிற வழியை 'வான்' என்போம். வான் தோண்டுவது, வான் தூர்ந்துபோவது எல்லாம் இன்றைக்கும் சங்கக் கூட்டத்தில் பேசுகிற பேச்சு. இருபக்கமும் பார், நடுவில் ஆழம், மேலே திறந்த வெளி. நீங்கள் கேட்கிற அங்க அடையாளம் அத்தனையும் இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்.


மடல் 6: பருத்தித்துறையிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றாக வருகிறேன்.

ஓவர்ஹெட். திருமலைத் தம்பி தன்னை எழுதுகிற ஆளில்லை என்கிறார், ஆனால் சொல்லை அவர்தான் தந்திருக்கிறார்: மேலே மறிச்சிருக்கும். 'மேல்மறிப்பு' என்று வைப்போம். கூரை, முகடு, மூடி என்பவை அங்கே என்ன இருக்கிறது என்று சொல்கின்றன. மறிப்பு என்பது ஆளுக்கு என்ன நடக்கும் என்று சொல்கிறது. பாதுகாப்புத் தாளில் நமக்கு வேண்டியது இரண்டாவது. கல்லா, பவளமா, கப்பலின் இரும்பா, வலையா என்பது வேறு விடயம். நேரே எழும்ப முடியுமா, முடியாதா, அவ்வளவுதான் கேள்வி.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு வசதி இருக்கிறது, அதுவும் தம்பியின் மடலிலேயே கிடந்தது. ஆழத்தில் கூடநேரம் நின்றால் காற்றிலுள்ள நைதரசன் உடம்பில் கூடுதலாகக் கரைந்துவிடும். அதை மெதுவாக வெளியே விட, குறித்த ஆழங்களில் நின்று நின்றுதான் ஏறவேண்டும். கொம்பியூட்டர் காட்டுகிற சீலிங் அதுதான். அதைத் தாண்டி மேலே போகாதே என்கிறது. கண்ணுக்கு மேலே வெறும் நீலம், போக முடியும், ஆனால் போகக்கூடாது. அதுவும் ஒரு மறிப்பு. 'கூரைநீர்' என்று வைத்திருந்தால் இதற்கு வேறு சொல் தேடியிருப்போம். இப்போது 'கல்மறிப்பு', 'நைதரசன் மறிப்பு' என்று ஒரே குடும்பத்தில் வந்துவிடுகின்றன. இரண்டும் ஒன்றாக வந்தால் என்ன நடக்கும் என்பதையும் ஒரே வாக்கியத்தில் சொல்லலாம்.

எதிர்ச்சொல்லாக ஐயாவின் 'வெளிநீர்' அப்படியே இருக்கட்டும். நல்ல சொல்.

அடுத்தது கேவேர்ண், கேவ். இங்கேதான் நான் கொஞ்சம் பிடிவாதமாக நிற்கப்போகிறேன். ஐயா தந்த முழை, அளை இரண்டும் எனக்கும் பிடித்த சொற்கள். ஆனால் முழை எது, அளை எது என்று கேட்டால், எழுதியவரே பட்டியலைத் திரும்பப் பார்க்கவேண்டி வரும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு உருவத்தில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது. அதே இடம், அதே வாய், அதே சுவர். பகல் 11 மணிக்கு உள்ளே நின்று திரும்பிப் பார்த்தால் வாசல் நீலமாகத் தெரிகிறது. இரவு 8 மணிக்குத் தெரியாது. அப்போது அது கேவேர்ண் இல்லை, கேவ். எனவே 'பகற்குகை' என்றும் 'இருட்குகை' என்றும் வைக்கிறேன். பகற்குகைக்கு இரவில் இறங்கலாமா என்று யாராவது கேட்டால் சொல்லே பதில் சொல்லிவிடும்.

வெளிச்சம் போவதற்குச் சூரியன் மறையவேண்டும் என்றில்லை. குகைத் தரையில் மாவு மாதிரி நுண்மண் படிந்திருக்கும். அலையோ நீரோட்டமோ எட்டிப்பார்க்காத இடம், படிந்தது படிந்தபடி. ஒருவர் வெளிக்கடலில் அடிக்கிற மாதிரியே காலை மேலும் கீழுமாக அடித்தால், காற்துடுப்பு தரையைத் தொடவே வேண்டாம், அது தள்ளிவிடுகிற நீர் போதும், மண் எழும்பிவிடும். முதலில் முழங்காலளவு புகை மாதிரி. திரும்பிப் பார்ப்பதற்குள் முகத்துக்கு வந்துவிடும். விளக்கைப் பிடித்தால் வெளிச்சம் மண்ணில் பட்டுத் திரும்பிக் கண்ணிலேயே அடிக்கும். கையை முகமூடிக்கு முன் பிடித்தால் கை தெரியாது. பகற்குகை அரை நிமிடத்தில் இருட்குகையாகிவிட்டது. இதற்கு நம் கடற்றொழிலாளர் சொல் இருக்கிறது, 'கலங்கல்'. வேறு எதுவும் தேடவேண்டாம். கலங்கல் வந்தால் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. வாசலில் கட்டி உள்ளே கொண்டுவந்த கயிற்றை விரல் வளையத்துக்குள் விட்டு, அதை இழுக்காமல், அதன்வழியே வெளியே வருவது. அந்தக் கயிற்றுக்கு 'வழிக்கயிறு'. கயிறு இல்லாதவர் சுவரைத் தடவுவார். சுவர் எந்தப் பக்கமும் கூட்டிக்கொண்டு போகும்.

இருட்குகைக்குத் தாளில் ஒரு வரிதான்: பயிற்சி இல்லாதவர் போகக்கூடாது. ஏன் என்று கேட்பவர்களுக்குக் காற்றுக் கணக்கைக் காட்டலாம். 12 லீற்றர் சிலிண்டர், 200 பார் அமுக்கம், ஆக 2400 லீற்றர் காற்று. கரையில் நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுக்கிறவர் 20 மீற்றர் ஆழத்தில், அங்கே அமுக்கம் மும்மடங்கு என்பதால், 60 லீற்றர் இழுப்பார். மொத்தம் 40 நிமிடம். குகைக்காரரின் விதி மூன்றில் ஒரு பங்கு: ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு ஆபத்துக்கு. அதாவது 13 நிமிடம் ஆனதும், முன்னால் என்ன அழகு இருந்தாலும், திரும்பவேண்டும். வெளிநீரில் பழகியவர் அமுக்கமானி 50 பாரைக் காட்டும்வரை திரும்பிப் பார்க்கமாட்டார். அவர் கெட்டிக்காரர்தான், ஆனால் அவருடைய கணக்கு வேறு கணக்கு. இந்த விதிகள் யாரோ மேசையில் இருந்து எழுதியவை இல்லை. அமெரிக்கக் குகைச் சுழியோடி ஷெக் எக்ஸ்லி 1970களில் குகைச் சாவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, எங்கே பிழை நடந்தது என்று பார்த்துத் தொகுத்ததில் வந்தவை. வாசல்வரை அறாத கயிறு இல்லை, திரும்பி வரக் காற்று வைக்கவில்லை, போகக்கூடாத ஆழத்துக்குப் போனார்கள். இந்த மூன்றுந்தான் திரும்பத் திரும்ப. அந்த எக்ஸ்லியும் 1994இல் மெக்சிகோவின் சக்கத்தோன் என்ற குழியில் இறந்தார். அது அளவுக்கு மிஞ்சிய ஆழம்.

2018இல் தாய்லாந்தின் தாம் லுவாங்கில் பன்னிரண்டு பையன்களும் பயிற்றுநரும் அகப்பட்டபோது நம் பத்திரிகைகள் எல்லாம் 'குகை' என்றுதான் எழுதின. அங்கே அது போதும், யாரும் அதைப் பகற்குகை என்று மயங்கப்போவதில்லை. காற்றுச் சிலிண்டர் வைத்துவிட்டுத் திரும்பிய சமன் குனான் என்ற முன்னாள் கடற்படை வீரர் அந்த நீருக்குள்ளேயே இறந்தார். பழகியவருக்கே அப்படி. ஒரே சொல்லால் ஈடன் றொக்கையும் அதையும் குறிக்கிறோம் என்பதுதான் என் முறைப்பாடு.

ஸ்விம்-த்ரூ. தம்பி சொன்ன பயம் சரி, இதில் 'குகை' ஒட்டக்கூடாது. 'ஊடுவழி' என்று வைக்கிறேன். சுவாமி மலையின் கற்களுக்கு இடையில் போவது ஊடுவழி. எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் 1956இல் இறங்கிக் கோணேசர் கோயிலின் விழுந்த தூண்களைப் பார்த்த அதே மலையடிதான். ஊடுவழிக்கும் மேல்மறிப்பு உண்டு, ஆனால் மறுமுனை தெரியவேண்டும். தெரியவில்லை என்றால் அது ஊடுவழி இல்லை, உள்ளே போகாதே. நூழையை நான் விடமாட்டேன் ஐயா, அதை வேறு இடத்துக்குக் கேட்கிறேன். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் போக முடியாத நெரிசல் துவாரம் ஒன்று உண்டு. ஒருவர் காற்றை மற்றவரோடு பகிரவேண்டி வந்தால் அங்கே மாட்டிக்கொள்வார்கள். சிலிண்டர் கல்லில் உரசுகிற சத்தம் கேட்டால் அதுதான். 'நூழை' அதற்கென்றே செய்தது போல் இருக்கிறது. ஊடுவழியில் நூழை இருந்தால் திரும்பு. தாளில் இப்படி ஒரு வரி வருகிறது, நன்றாகவும் இருக்கிறது.

கென்யன். வல்வெட்டித்துறை அண்ணை, 'வான்' எனக்கு மிகவும் பிடித்த சொல், எங்கள் கரையிலும் அதே பேச்சுத்தான். ஆனால் வான் என்றால் வள்ளம் போகிற வழி, மனிதன் வெட்டி ஆழமாக்கியதும் அதில் சேரும். சுழியோடுகிறவரிடம் "வானுக்குள் போங்கள்" என்றால் தலைக்கு மேலே எஞ்சின் சுழலும். போதாததற்கு ஆகாயமும் வான், ஓடுகிற வாகனமும் வான். நம் பக்கத்தில் வெள்ளை நிறத்தைச் சேர்த்துச் சொன்னால் இன்றைக்கும் ஆட்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். 'பார்வான்', 'வெட்டுவான்' என்று முன்னால் ஒன்றை ஒட்டிப் பார்த்தேன். இரண்டும் யாரோ ஒருவன் நாளைக்குச் செய்யப்போகிற வேலை மாதிரி ஒலிக்கின்றன. ஆகையால் 'பாரிடுக்கு'. பார் தெரியும், இடுக்கு தெரியும், விளக்கவே வேண்டாம். கோப்பாய் அக்காவின் கடலடிப் பள்ளத்தாக்கோடு மோதவும் மாட்டாது. 'விடர்' கவிதைக்கு இருக்கட்டும்.

பாரிடுக்கில் மேல்மறிப்பு இல்லை என்பதைத் தாளில் அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் புதியவர்கள் பயப்படுவது இங்கேதான். இருபக்கச் சுவரில் சிங்கி இறால் மீசை நீட்டிக்கொண்டிருக்கும், அஞ்சாளை வாயைத் திறந்து மூடும், கீழே மணலில் வெண்முனைச் சுறா படுத்துக் கிடக்கும். பயமாக இருந்தால் நேரே மெதுவாக எழும்பலாம், ஒன்றும் ஆகாது. ஆபத்தான ஊடுவழியில் பயமே வராது, வெளிச்சம் அழகாக இருப்பதால்.

தாளின் நடுப்பத்தியை இப்படி எழுதியிருக்கிறேன்:

"இன்றைக்கு முதலில் பாரிடுக்கு வழியாகப் போகிறோம். அது வெளிநீர், எந்த இடத்திலும் நேரே எழும்பலாம். அதன் முடிவில் ஓர் ஊடுவழி. அங்கே மேல்மறிப்பு தொடங்குகிறது. மறுமுனை வெளிச்சம் உங்கள் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் ஒருவர் பின் ஒருவராக வாருங்கள். தெரியவில்லை என்றாலோ கலங்கல் எழும்பினாலோ நிற்கவேண்டாம், திரும்புங்கள். வலப்பக்கம் ஒரு பகற்குகை இருக்கிறது. வாசலில் நின்று பார்க்கலாம். அதற்கு உள்ளே இருட்குகை. அங்கே நாங்களும் போவதில்லை."


மடல் 7: சென்னையிலிருந்து

பாரிடுக்குக்குத் தலைவணங்குகிறேன். விடரைக் கவிதைக்கு அனுப்பியதை மறக்கமாட்டேன். பகற்குகை சுற்றுலா விளம்பரத்தில் போய்ச் சேர்ந்து அழகுப்பெயராகிவிடும் என்று மட்டும் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. இருட்குகை பக்கத்திலேயே இருக்கும்வரை பரவாயில்லை, இரண்டையும் எப்போதும் சேர்த்தே அச்சிடுங்கள். 'மேல்மறிப்புச் சுழியோட்டம்' என்று எழுதும்போது ச் விட்டுவிடாதீர்கள்.


மடல் 8: திருகோணமலையிலிருந்து

அண்ணை, பத்தியையும் நூழை வரியையும் படகில் பெடியங்களுக்கு வாசித்துக் காட்டினேன். மேல்மறிப்பு உடனே பிடித்தது. பாரிடுக்கும் சரி. நூழையை மட்டும் ஒருத்தன் 'நூளை' என்று சொல்லி, அது என்ன மீன் என்று கேட்டான். தாளில் நூழைக்குப் பக்கத்தில் 'ஒருவர் மட்டும் நுழையக்கூடிய துவாரம்' என்று ஒரு தடவை போட்டுவிடுங்கோ, பிறகு பழகிவிடும்.


மடல் 9: பருத்தித்துறையிலிருந்து

போட்டுவிடுகிறேன். வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்தில் அச்சடித்து, நனையாமல் இருக்கப் பிளாஸ்ரிக் ஒட்டக் கொடுக்கிறேன். அதற்குள் எழுத்துப்பிழை கண்டால் சொல்லுங்கள். நன்னீரும் உவர்நீரும் சந்திக்கும் மட்டத்துக்குக் கோப்பாய் அக்கா தனி இழை தொடங்கட்டும். அதற்கு நிலாவரைப் பக்கத்து ஆட்களையும் கேட்கவேண்டும்.